குழந்தையின் சைல்டு சீட்டைக் காரில் எங்கே, எந்தப் பக்கம் பார்த்து வைப்பது: முழுமையான வழிகாட்டி

சைல்டு சீட் வாங்கும்போது பெற்றோர் நிறைய யோசிக்கிறார்கள். எந்த பிராண்ட், என்ன விலை, துணி உறையைக் கழற்றித் துவைக்க முடியுமா என்று எல்லாம் பார்த்து வாங்குகிறார்கள். பெட்டியைப் பிரித்த பிறகு அதைக் காரில் எந்த இடத்தில், எந்தத் திசையில் வைப்பது என்பதை மட்டும் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள். ஆயிரக்கணக்கில் செலவழித்து வாங்கிய சீட் குழந்தையின் தலையையும் கழுத்தையும் காப்பாற்றுமா என்பது அந்த ஐந்து நிமிடத்தில்தான் முடிவாகிறது. அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

நம் ஊரில் ஓடும் சாதாரண ஐந்து பேர் காரை மனதில் வைத்தே எழுதுகிறேன். ஸ்டியரிங் வலது பக்கம், நடைபாதை இடது பக்கம், பின்னால் மூன்று பேர் உட்காரும் நீள இருக்கை. இந்த வண்டியில் பதில் இதுதான்: சைல்டு சீட் பின்னிருக்கையில் இருக்க வேண்டும். சின்னக் குழந்தை என்றால் வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்து உட்கார வேண்டும். பின்னிருக்கையின் நடுவில் ஆடாமல் பொருத்த முடிந்தால் நடு, முடியாவிட்டால் இடது ஓரம். ஏன், எப்படி என்பது கீழே.

மடி போதாதா?

பாட்டிகள் கேட்கும் கேள்வி இது. அவர்களுக்கு மரியாதையாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாசத்தில்தான் கேட்கிறார்கள். 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் மோதி நிற்கும்போது, உள்ளே இருப்பவர்கள் மீது அவர்கள் எடையைப் போல 20 முதல் 30 மடங்கு விசை சில நொடித் துளிகளுக்கு விழுகிறது. 10 கிலோ குழந்தை அந்த நேரத்தில் 200, 300 கிலோவாக இழுக்கும். எந்த அம்மாவின் கையாலும் அதைப் பிடித்து நிறுத்த முடியாது. அம்மா பெல்ட் போடாமல் இருந்தால் அவருடைய எடையும் சேர்ந்து குழந்தையை முன்னிருக்கையோடு நசுக்கும். ஒரே பெல்ட்டை இருவருக்கும் சேர்த்துப் போட்டாலும் இதே கதிதான்.

சட்டமும் இதைச் சொல்கிறது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவின்படி, 14 வயதுக்குட்பட்ட குழந்தை சீட் பெல்ட்டோ சைல்டு சீட்டோ இல்லாமல் பயணம் செய்தால் 1,000 ரூபாய் அபராதம். சாலையில் இதற்காக யாரும் நிறுத்துவதை அதிகம் பார்க்க முடியாது. அபராதத்துக்குப் பயந்து செய்கிற காரியமும் இல்லை இது.

படி 1: முதலில் திசையை முடிவு செய்யுங்கள்

இடதா வலதா நடுவா என்று தொடங்குவதற்கு முன்னால் திசையை முடிவு செய்துவிட வேண்டும். என்னைக் கேட்டால், இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் கடைப்பிடிக்க முடியும் என்றால் இதையே கடைப்பிடிக்கச் சொல்வேன்.

பிறந்த குழந்தையின் தலை அதன் உடல் நீளத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. பெரியவர்களுக்கு அது ஏழு, எட்டில் ஒரு பங்குதான். அவ்வளவு பெரிய தலையைத் தாங்கும் கழுத்தெலும்புகளோ இன்னும் முழுதாக இறுகவில்லை, பாதி குருத்தெலும்பாகவே இருக்கின்றன. சாலையில் நடக்கும் பலமான மோதல்களில் பெரும்பங்கு முன்பக்கமாக நடப்பவை. முன்னோக்கி உட்கார்ந்த குழந்தையின் உடலை வார் பிடித்துக்கொள்ளும், தலை மட்டும் முன்னால் பாயும், அந்த இழுப்பு முழுவதும் கழுத்தில் விழும். பின்னோக்கி உட்கார்ந்தால் சைல்டு சீட்டின் முதுகுப் பகுதி தலை, கழுத்து, முதுகு மூன்றையும் உள்ளங்கையில் ஏந்துவது போலச் சேர்த்துத் தாங்கிவிடும்.

இந்த யோசனை புதிதில்லை. ஸ்வீடனைச் சேர்ந்த பெர்டில் ஆல்ட்மேன் 1960-களில், விண்வெளி வீரர்கள் மேலெழும்பும் விசையை முதுகால் தாங்கிப் படுத்திருப்பதைப் பார்த்து, பின்னோக்கிய குழந்தை இருக்கையை உருவாக்கினார். அந்த நாட்டில் இன்றைக்கும் குழந்தைகளை நான்கு வயது வாக்கில் வரை பின்னோக்கியே உட்கார வைக்கிறார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2018 முதல், சைல்டு சீட் அனுமதிக்கும் அதிகபட்ச உயரம் அல்லது எடையைத் தொடும் வரை பின்னோக்கியே இருக்கட்டும் என்று சொல்கிறது. ஐரோப்பாவின் ஆர்129 என்ற சைல்டு சீட் விதிப்படி குறைந்தது 15 மாதம் கட்டாயம்.

நம் வீடுகளில் முதல் பிறந்தநாள் முடிந்ததும், "பாவம், வெளியே பார்க்கட்டுமே" என்று திருப்பிவிடுகிறார்கள். தயவுசெய்து அவசரப்படாதீர்கள். 15 மாதம் என்பது அதற்கு முன்னால் திருப்பவே கூடாது என்ற எல்லை. அன்றைக்கே திருப்பிவிட வேண்டும் என்று அதற்கு அர்த்தம் இல்லை. கால் மடங்கி இருக்கிறதே, வலிக்காதா என்பது அடுத்த கவலை. குழந்தைகள் காலை மடக்கியும், சம்மணமிட்டும், இருக்கையின் முதுகில் தூக்கி வைத்தும் வசதியாகவே இருப்பார்கள். கால் இடிப்பதை வைத்துத் திருப்ப வேண்டாம், தலையைப் பாருங்கள். பல சீட்டுகளில், குழந்தையின் உச்சந்தலைக்கும் சீட்டின் மேல் விளிம்புக்கும் இடையே 2.5 செ.மீ.க்குக் கீழே போனால்தான் அந்த சீட் சிறிதாகிவிட்டது என்று அர்த்தம். உங்கள் சீட்டின் கையேட்டில் இதற்கான கணக்கு இருக்கும்.

கைப்பிடியோடு தூக்கிச் செல்லும் சின்ன இன்ஃபன்ட் சீட்டுகள் பெரும்பாலும் 13 கிலோ வரைதான். நம் குழந்தைகள் பலர் அந்த எடையைத் தொட இரண்டரை, மூன்று வயது ஆகும், ஆனால் அதற்கு வெகு முன்பே தலை மேலே வந்துவிடும். அப்போது முன்னோக்கித் திருப்பிவிடாமல், இரண்டு திசையிலும் வைக்கக்கூடிய கன்வெர்ட்டிபிள் சீட்டுக்கு மாறி, பின்னோக்கியே தொடருங்கள்.

படி 2: முன்னிருக்கையைக் கணக்கிலிருந்தே எடுத்துவிடுங்கள்

ஏர்பேக் உள்ள முன்னிருக்கையில் பின்னோக்கிய சைல்டு சீட்டை வைப்பது உயிருக்கே ஆபத்து. ஏர்பேக் கண் இமைப்பதற்குள், மணிக்கு 300 கிலோமீட்டர் அளவு வேகத்தில் விரிகிறது. பின்னோக்கிய சீட்டின் முதுகு டேஷ்போர்டுக்கு ஒரு சாண் தள்ளித்தான் இருக்கும். ஏர்பேக் நேராக அந்த முதுகில் அறையும், அதற்குப் பின்னால் குழந்தையின் தலை. மெதுவாகப் போகும் வண்டி லேசாக இடித்தாலும், ஏர்பேக் விரிந்தால் விளைவு இதுதான். முன் பயணியின் தலைக்கு மேலே உள்ள சன் வைசரில், குழந்தைப் படத்தின் மேல் சிவப்புக் கோடு போட்ட ஸ்டிக்கர் இருப்பது இதற்காகவே.

இப்போது வரும் புதிய கார்களில் முன்னால் இரண்டு பேருக்கும் ஏர்பேக் கட்டாயம். பயணி ஏர்பேக்கை நிறுத்தும் சுவிட்ச் சில கார்களில் உண்டு, பலவற்றில் இல்லை. உண்டா என்று தெரிய, இடது முன் கதவைத் திறந்து டேஷ்போர்டின் ஓரத்தைப் பாருங்கள். பெரும்பாலும் அங்கே சாவி நுழைக்கும் துளை இருக்கும். இரண்டே இருக்கை உள்ள பிக்கப் போன்ற வண்டியில் வேறு வழியே இல்லை என்றால் மட்டும் அந்த சுவிட்சை அணைத்து, டேஷ்போர்டில் ஏர்பேக் ஆஃப் விளக்கு எரிவதை உறுதி செய்துவிட்டு வைக்கலாம். பெரியவர் உட்காரும்போது மறக்காமல் திரும்பப் போட வேண்டும்.

தனியாக ஓட்டும் அம்மாக்கள் சொல்வது எனக்குப் புரிகிறது: "பின்னால் தனியாக அழுதால் எப்படிப் பார்ப்பது?" பின்னிருக்கையின் ஹெட்ரெஸ்ட்டில் மாட்டும், உடையாத சின்னக் கண்ணாடி கிடைக்கிறது. அதில் குழந்தை முகம் தெரியும். இறுக்கமாகக் கட்டுங்கள், கழன்று பறக்கக் கூடாது. நிஜமாகவே சமாளிக்க முடியாத அழுகை என்றால் ஓரமாக நிறுத்திவிட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு நல்ல வழி இல்லை.

படி 3: நடுவா, ஓரமா?

நடு இடத்துக்கு ஒரு தெளிவான நியாயம் உண்டு. எந்தப் பக்கக் கதவில் இன்னொரு வண்டி மோதினாலும் நடு அதிலிருந்து தள்ளி இருக்கிறது. பிலடெல்ஃபியா குழந்தைகள் மருத்துவமனை ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், சைல்டு சீட்டில் இருந்த மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளில், பின்னிருக்கையின் நடுவில் இருந்தவர்களுக்குக் காயம் ஏற்படும் வாய்ப்பு ஓரத்தில் இருந்தவர்களைவிட 43 சதவீதம் குறைவாக இருந்தது. சின்ன வித்தியாசம் இல்லை.

ஆனால் அது அமெரிக்கக் கார்களை வைத்துச் சொன்னது. நம் ஹேட்ச்பேக்கின் நடு இடத்தைப் போய்ப் பாருங்கள். உட்காரும் பகுதி குறுகலாக, நடுவில் மேடாக இருக்கும். கீழே தரையில் புடைப்பு. ஐசோஃபிக்ஸ், அதாவது சைல்டு சீட்டை பெல்ட் இல்லாமல் நேராகப் பூட்டக் காரிலேயே உள்ள இரும்புக் கம்பிகள், பெரும்பாலும் இரண்டு ஓரங்களில் மட்டும்தான். கொஞ்சம் பழைய வண்டி என்றால் நடுவில் இடுப்பு பெல்ட் மட்டும் இருக்கும், தோள் பெல்ட் இருக்காது. சில வண்டிகளில் முதுகுப் பக்கம் மடக்கும் ஆர்ம்ரெஸ்ட் வேறு துருத்திக்கொண்டு நிற்கும். இப்படிப்பட்ட நடுவில் ஆடிக்கொண்டிருக்கும் சைல்டு சீட்டைவிட, ஓரத்தில் உறுதியாக நிற்பதே நல்லது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

எனவே இப்படிச் செய்யுங்கள். முதலில் நடுவில் வைத்துப் பாருங்கள். அங்கே தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் மூன்று முனை பெல்ட் இருக்க வேண்டும், அல்லது உங்கள் சைல்டு சீட்டின் கையேடு இடுப்பு பெல்ட்டை மட்டும் வைத்துப் பொருத்த அனுமதிக்க வேண்டும். சீட்டின் அடிப்பகுதி முழுவதும் கார் இருக்கையில் படிய வேண்டும். பொருத்திய பிறகு அசையக் கூடாது. இவை மூன்றும் சரி என்றால் நடுவிலேயே விடுங்கள். ஒன்று தவறினாலும் ஓரத்துக்குப் போங்கள். இடது ஓரத்தின் ஐசோஃபிக்ஸ் கம்பி ஒன்று, வலது ஓரத்தின் கம்பி ஒன்று என்று இரண்டையும் கடன் வாங்கி நடுவில் மாட்டும் யோசனை வேண்டாம். கார் கையேடு தெளிவாக அனுமதித்தால் ஒழிய அது தப்பு.

ஓரம் என்றால் எந்த ஓரம்? மோதலின் கணக்கில் இரண்டு ஓரங்களுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. நம் சாலைதான் இதை முடிவு செய்கிறது. இடது பின் கதவு நடைபாதைப் பக்கம் திறக்கும். வலது பின் கதவைத் திறந்தால் பைக், ஆட்டோ, ஷேர் ஆட்டோ எல்லாம் உரசிக்கொண்டு போகும் பக்கம். வாரைக் கழற்றிக் குழந்தையைத் தூக்க ஒரு நிமிடமாவது குனிந்து நிற்க வேண்டும், அந்த ஒரு நிமிடம் முதுகைப் போக்குவரத்துக்குக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டாம். இன்னொன்று: பின்னோக்கிய சீட் முன்னிருக்கையின் இடத்தைப் பிடிக்கும். அது முன் பயணியின் இருக்கையாக இருந்தால் முன்னால் தள்ளிக்கொள்ளலாம். டிரைவர் சீட்டைத் தள்ளினால் பிரேக், கிளட்ச் மிதிக்கிறவருக்குச் சிரமம், ஸ்டியரிங்குக்கு மிக நெருக்கமாக உட்கார்வதும் ஆபத்து. இந்த இரண்டு காரணங்களுக்காகவும் இடது ஓரமே என் தேர்வு.

எந்தப் பக்கம் வைத்தாலும் அந்தக் கதவின் சைல்டு லாக்கைப் போட்டுவிடுங்கள்.

ஏழு பேர் வண்டி என்றால்

எர்டிகா, இன்னோவா போன்ற மூன்று வரிசை வண்டிகளில் நடு வரிசையே குழந்தையின் இடம். ஐசோஃபிக்ஸ் பொதுவாக அங்கேதான் இருக்கும், முன்னும் பின்னும் இடைவெளியும் உண்டு. மூன்றாவது வரிசை டிக்கி கதவுக்கு மிக அருகில் இருக்கிறது, பின்னாலிருந்து மோதினால் தாங்க இடமில்லை. குழந்தையை அங்கே ஏற்றி இறக்குவதும் பாடு. தனித்தனி கேப்டன் சீட் உள்ள வண்டியில் நடு வரிசையின் இடது சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் மூன்றாவது வரிசைக்குப் போகும் வழி அந்த சீட்டை மடக்கித்தானா என்று முன்பே பாருங்கள். பழைய சுமோ, குவாலிஸ் பாணியில் பக்கவாட்டாகப் பார்க்கும் இருக்கைகளில் எந்த சைல்டு சீட்டையும் பொருத்தவே கூடாது.

படி 4: ஆடாமல் பொருத்துவது

காரின் கையேடு, சைல்டு சீட்டின் கையேடு இரண்டையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கார் கையேட்டில் எந்த இருக்கையில் எந்த வகை சீட் பொருந்தும் என்று ஒரு அட்டவணையே இருக்கும். பொதுவாக யாரும் அந்தப் பக்கத்தைத் திறப்பதில்லை.

*ஐசோஃபிக்ஸ் இருந்தால்:* பின்னிருக்கையின் முதுகும் உட்காரும் பகுதியும் சேரும் இடுக்கில் கைவிட்டால் இரண்டு இரும்புக் கம்பிகள் தட்டுப்படும். சைல்டு சீட்டின் இரு கைகளையும் அதில் தள்ளினால் 'டிக்' என்று சத்தம் வரும், காட்டி பச்சை நிறத்துக்கு மாறும். இரண்டு பக்கமும் பச்சையா என்று பாருங்கள். இத்தோடு வேலை முடியவில்லை. ஐசோஃபிக்ஸ் சீட்டுக்கு மூன்றாவதாக ஒரு பிடி வேண்டும்: மேலே டாப் டெதர் என்ற வார், அல்லது கீழே தரையில் ஊன்றும் கால்.

டாப் டெதர் பெரும்பாலும் முன்னோக்கிய சீட்டுகளுக்கு. அது ஹெட்ரெஸ்ட் கம்பிகளுக்கு நடுவே போய், பின்னிருக்கை முதுகின் பின்புறத்திலோ, டிக்கியின் தரையிலோ உள்ள வளையத்தில் மாட்ட வேண்டும். அந்த வளையத்தின் பக்கத்தில் நங்கூரக் குறி இருக்கும். டிக்கியில் சாமான் பை மாட்டும் கொக்கியை இதுதான் என்று நினைத்து அதில் மாட்டிவிடுகிறவர்கள் உண்டு. அது பலமான இழுப்பில் பிய்ந்து வந்துவிடும். ஹேட்ச்பேக்கில் டெதர் வாருக்குப் பார்சல் டிரே இடைஞ்சலாக இருந்தால் டிரேயைக் கழற்றி வீட்டில் வையுங்கள்.

ஊன்றுகால் உள்ள சீட் என்றால் கால் தரையில் உறுதியாக நிற்க வேண்டும், ஆனால் சீட்டின் அடியைத் தூக்கும் அளவுக்கு நீட்டக் கூடாது. தரைக்கு அடியில் சாமான் பெட்டி உள்ள கார்களில் அதன் மூடி மேல் ஊன்றினால் மூடி உடையும், கார் கையேடு என்ன சொல்கிறதோ அதைக் கேளுங்கள். மேட் ரொம்பத் தடிமனாக இருந்தால் எடுத்துவிடுங்கள்.

ஐசோஃபிக்ஸுக்கு எடை வரம்பு உண்டு. ஐரோப்பிய விதிப்படி குழந்தையும் சீட்டும் சேர்ந்து 33 கிலோ. உங்கள் சீட்டிலேயே எழுதியிருப்பார்கள். அதைத் தாண்டினால் பெல்ட்டுக்கு மாறுங்கள்.

*பெல்ட்டால் பொருத்தினால்:* ஒழுங்காகப் பொருத்தினால் இதுவும் ஐசோஃபிக்ஸ் அளவுக்குப் பாதுகாப்பானதே. பெல்ட் நுழையும் வழி சைல்டு சீட்டிலேயே நிறத்தால் குறிக்கப்பட்டிருக்கும். பெரும்பாலும் பின்னோக்கி வைக்க நீலம், முன்னோக்கி வைக்கச் சிவப்பு. நிறம் மாறிப் போட்டால் முழுப் பொருத்தமும் வீண். பெல்ட்டை நுழைத்து, முறுக்கு இல்லாமல் நீவி, பக்கிளில் மாட்டுங்கள். பிறகு ஒரு கையால் சீட்டை இருக்கைக்குள் நன்றாக அழுத்திக்கொண்டு, மறு கையால் பெல்ட்டின் தளர்வை இழுத்து எடுங்கள். உடல் எடையைக் கொடுத்து அழுத்த வேண்டும். கடைசியில் பெல்ட்டைப் பூட்டும் கிளிப் சீட்டில் இருந்தால் அதை மூடுங்கள்.

முன்னோக்கிய சீட் காரின் ஹெட்ரெஸ்ட்டில் இடித்துக்கொண்டு முதுகில் படியாமல் நின்றால், கையேடு அனுமதிக்கும் பட்சத்தில் ஹெட்ரெஸ்ட்டைக் கழற்றிவிடலாம். அந்த இடத்தில் பெரியவர் உட்காரும் நாளில் திரும்ப மாட்டிவிடுங்கள்.

*சோதனை:* பெல்ட் அல்லது ஐசோஃபிக்ஸ் பிடித்திருக்கும் அந்த இடத்தைப் பிடித்து இடமும் வலமும், முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். 2.5 செ.மீ.க்கு மேல், அதாவது ஒரு அங்குலத்துக்கு மேல், நகரக் கூடாது. சீட்டின் உச்சியைப் பிடித்து ஆட்டிவிட்டுப் பயப்பட வேண்டாம். பின்னோக்கிய சீட்டின் உச்சி கொஞ்சம் அசைவது இயல்பு.

படி 5: சாய்வு

பிறந்த குழந்தைக்கு இது மூச்சு சம்பந்தப்பட்ட விஷயம். சீட் ரொம்ப நிமிர்ந்திருந்தால் தலை முன்னால் கவிழ்ந்து மோவாய் நெஞ்சில் பதியும். கைக்குழந்தையின் மூச்சுக்குழாய் மெல்லியது, அந்த மடிப்பில் அடைபடலாம். தலையை நிமிர்த்திக்கொள்ளும் பலம் அதற்குக் கிடையாது. ஏறக்குறைய 45 டிகிரி சாய்வு கைக்குழந்தைக்கு ஏற்றது. சீட்டின் பக்கவாட்டில் ஒரு கோடோ, நீர்க்குமிழியோ இருக்கும், கார் சமதரையில் நிற்கும்போது அதைப் பாருங்கள். வீட்டு வாசலின் சரிவில் நிறுத்திப் பார்த்தால் தப்பாகக் காட்டும். குழந்தை வளர்ந்து தலை நின்ற பிறகு கொஞ்சம் நிமிர்த்தலாம்.

நம் கார்களின் பின்னிருக்கை பலவற்றில் உட்காரும் பகுதி பின்பக்கமாகச் சரிந்திருக்கும். அதனால் பின்னோக்கிய சீட் நிமிர்ந்துவிடுகிறது. சீட்டின் சாய்வு நிலைகளை மாற்றிப் பாருங்கள். போதாவிட்டால், கையேடு அனுமதித்தால் மட்டும், ஒரு துண்டைச் சுருட்டி இருக்கையின் மடிப்பில் வைக்கலாம்.

இதே காரணத்துக்காக, பிறந்த சில வாரங்களில் நீண்ட பயணம் வேண்டாம். பெரிய குழந்தை என்றாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி வெளியே எடுங்கள். திருச்சிக்கோ மதுரைக்கோ போகிறவர்கள் இதையும் சேர்த்துப் புறப்படும் நேரத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். வீடு வந்து சேர்ந்ததும் தூங்குகிற குழந்தையைச் சீட்டிலேயே விட்டுவைக்க வேண்டாம், எடுத்துத் தரையிலோ கட்டிலிலோ மல்லாக்கப் படுக்க வையுங்கள். குறைமாதக் குழந்தை என்றால் முதல் பயணத்துக்கு முன் உங்கள் குழந்தை மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

படி 6: குழந்தையைக் கட்டுவது

பின்னோக்கி இருக்கும்போது தோள் வார் குழந்தையின் தோள் மட்டத்திலோ சற்றுக் கீழேயோ தொடங்க வேண்டும். முன்னோக்கி இருந்தால் தோள் மட்டத்திலோ சற்று மேலேயோ. வாரை இறுக்கிய பிறகு தோள் அருகே வாரை இரு விரலால் கிள்ளிப் பாருங்கள். கிள்ளினால் மடிப்பு கையில் வந்தால் இன்னும் தளர்வாக இருக்கிறது, வழுக்கிக்கொண்டு போனால் சரி.

குழந்தையைத் துணியில் சுற்றிக் கட்டியபடி சீட்டில் வைக்காதீர்கள், காலுக்கு நடுவே வரும் வார் அப்போது வேலை செய்யாது. கைகால் வெளியே இருக்க வாரை மாட்டிவிட்டு, வேண்டுமானால் மேலே துணியைப் போர்த்துங்கள். கல்யாணத்துக்குப் பட்டுப்பாவாடை கட்டிப் புறப்படும்போதும் இதே பிரச்சினைதான். பாவாடை மொத்தமாகச் சுருண்டு வாருக்கு அடியில் மாட்டிக்கொண்டால் வார் உடம்பில் படியாது. வீட்டிலிருந்து சாதாரண உடையில் கூட்டிப்போய் மண்டபத்தில் மாற்றிவிடுவது நல்லது. அரைஞாண் கயிற்றில் தாயத்து இருந்தால் பக்கிளுக்கு அடியில் அமுங்காமல் ஒதுக்கிவிடுங்கள்.

வெயிலும் உதிரிச் சாமானும்

சித்திரை வெயிலில் நின்ற காரில் பக்கிளின் உலோகப் பகுதி தோலைச் சுடும். நிறுத்தும்போது சீட்டின் மேல் வெளிர் நிறத் துண்டைப் போட்டு மூடுங்கள், உட்கார வைப்பதற்கு முன் பக்கிளை உங்கள் கையால் தொட்டுப் பாருங்கள். வியர்க்கிறது என்று தனியாக விற்கும் தடித்த மெத்தையை முதுகுக்கு அடியில் போட வேண்டாம், அது அமுங்கினால் வார் தளர்ந்துவிடும். பின்னோக்கிய குழந்தைக்கு ஏசி காற்று குறைவாகவே போகும். பிடரியைத் தொட்டுப் பார்த்தால் வியர்த்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். ஜன்னலுக்கு ஒட்டிக்கொள்ளும் மெல்லிய சன் ஷேடு போதும், கெட்டியான சட்டம் வைத்தது வேண்டாம். நிறுத்திய காரில் குழந்தையை ஒரு நிமிடம்கூடத் தனியாக விடக் கூடாது, ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வைத்தாலும்.

பின்கண்ணாடியை ஒட்டிய பார்சல் டிரேயைக் காலி செய்யுங்கள். குடை, தண்ணீர் பாட்டில், சாமி சிலை, டிஷ்யூ பெட்டி என்று எல்லாம் அங்கே சேர்ந்துவிடுகிறது. மோதலில் அவை நேராகக் குழந்தையின் தலை உயரத்தில்தான் பறந்து வரும். எவர்சில்வர் டிபன் கேரியர் டிக்கியில் இருக்கட்டும். பக்கத்தில் உட்காரும் பெரியவரும் பெல்ட் போட வேண்டும். போடாவிட்டால் அவரும் குழந்தை மேல் வந்து விழுவார்.

இரண்டு குழந்தைகள் என்றால்

இரண்டு ஓரமும் இரண்டு சீட்டுக்கு. தானாக இறங்கி ஓடுகிற மூத்ததை இடது ஓரத்தில் வையுங்கள், கதவைத் திறந்ததும் நடைபாதையில் இறங்கட்டும். கைக்குழந்தை வலது ஓரத்தில் இருந்தாலும், நடுவில் ஒருவர் உட்கார்ந்தால் உள்ளிருந்தே வாரைக் கழற்றி எடுத்துக்கொள்ளலாம். நடுவில் ஆள் நுழைய இடமில்லை என்றால் வண்டியை வலது பக்கமும் ஒதுக்குப்புறமாக இருக்கும் இடத்தில் நிறுத்தி இறக்குங்கள். பூஸ்டரில், அதாவது கார் பெல்ட் சரியாகப் படிய உயர்த்தி உட்கார வைக்கும் இருக்கையில், உட்காரும் வயதுப் பிள்ளைக்குத் தோள் பெல்ட் இல்லாமல் ஆகாது, அவரை இடுப்பு பெல்ட் மட்டும் உள்ள நடுவில் உட்கார வைக்காதீர்கள்.

வெளிநாட்டிலிருந்து வந்த சீட்

அமெரிக்காவில் இருக்கும் அண்ணனோ அத்தையோ கொண்டுவந்து தரும் சீட் நல்ல தரமாகவே இருக்கும். ஆனால் அங்கே கார் பெல்ட்டுகளை முழுவதும் வெளியே இழுத்துவிட்டால் பூட்டிக்கொள்ளும், திரும்பத் தளராது. அதை நம்பியே சில சீட்டுகள் வருகின்றன. நம் கார்களின் பெல்ட் பொதுவாகத் திடீர் இழுப்பில் மட்டும்தான் பூட்டும். எனவே சீட்டிலேயே பெல்ட்டைப் பூட்டும் கிளிப் இருக்கிறதா என்று பார்த்து வாங்கிவரச் சொல்லுங்கள். நெஞ்சில் மாட்டும் கிளிப் அமெரிக்க சீட்டுகளில் இருக்கும், அது அக்குள் மட்டத்தில் இருக்க வேண்டும், வயிற்றுக்கு இறங்கக் கூடாது. இங்கே வாங்குவதென்றால் ஐரோப்பிய விதிகளான ஆர்44 (பழையது) அல்லது ஆர்129 என்று குறித்த ஆரஞ்சு நிற லேபிளையோ, இந்தியத் தரமான ஏஐஎஸ் 072-ஐயோ தேடுங்கள். ஆர்44-இல் எடையும், ஆர்129-இல் உயரமும் கணக்கு.

பழைய சீட் வாங்குவதென்றால், அதன் வரலாறு தெரிந்த சொந்தக்காரரிடம் மட்டும் வாங்குங்கள். ஒரு பெரிய மோதலைச் சந்தித்த சீட்டை, வெளியே கீறல் இல்லாவிட்டாலும், மறுபடி பயன்படுத்தக் கூடாது.

கால் டாக்ஸியில் அடிக்கடி போகிறவர்களுக்கு ஐசோஃபிக்ஸ் மட்டுமே உள்ள சீட் உதவாது. பெல்ட்டாலும் பொருத்தக்கூடிய எடை குறைந்த சீட்டாக வாங்கி, வீட்டுக் காரில் பெல்ட் முறையை நாலைந்து தடவை செய்து பழகிவிடுங்கள். டிரைவர் காத்திருக்கும்போது பதற்றமில்லாமல் வரும்.

படி 7: பூஸ்டர், அப்புறம் வெறும் பெல்ட்

முன்னோக்கிய சீட்டின் உள் வார் போதாமல் போனதும் பூஸ்டர். இதற்கும் இடம் பின்னிருக்கைதான், தோள் பெல்ட் உள்ள இடம். பூஸ்டரின் வேலை பிள்ளையை உயர்த்தி, பெரியவர்களுக்காகச் செய்த பெல்ட் சரியான எலும்புகளில் படியச் செய்வது. தோள் பெல்ட் கழுத்தை அறுக்காமல் தோளின் நடுவில் வர வேண்டும், இடுப்பு பெல்ட் வயிற்றில் ஏறாமல் தொடையின் மேற்பகுதியில் தாழ்ந்து கிடக்க வேண்டும். வயிற்றில் கிடக்கும் பெல்ட் மோதலில் குடலையும் கல்லீரலையும் கிழிக்கும். கழுத்தில் உறுத்துகிறது என்று தோள் பெல்ட்டை முதுகுக்குப் பின்னால் தள்ளிவிடும் பழக்கத்தை முதல் நாளே நிறுத்துங்கள். கார் இருக்கையில் தலைக்குத் தாங்கல் இல்லை என்றால் முதுகுள்ள பூஸ்டராக வாங்குங்கள்.

பூஸ்டரை எடுப்பது வயதைப் பார்த்து அல்ல. பிள்ளை முதுகை முழுவதும் சாய்த்து உட்கார்ந்தால் முழங்கால் இருக்கையின் விளிம்பில் மடிய வேண்டும், பெல்ட் மேலே சொன்னபடி படிய வேண்டும், பயணம் முடியும் வரை சறுக்காமல் அப்படியே உட்கார முடிய வேண்டும். ஏறக்குறைய 145 செ.மீ. உயரத்தில் இது கைகூடும், பலருக்கு அது பத்திலிருந்து பன்னிரண்டு வயதுக்குள். ஒவ்வொரு காரின் இருக்கையும் வேறு மாதிரி என்பதால், நம் காரில் தேறிய பிள்ளைக்குத் தாத்தாவின் காரில் இன்னும் பூஸ்டர் தேவைப்படலாம்.

முன்னிருக்கை கேட்டு அடம்பிடிப்பார்கள். 13 வயது வரை பின்னால்தான் என்று வீட்டில் எல்லோரும் ஒரே பேச்சாக இருங்கள், அப்பா ஒன்று சித்தப்பா ஒன்று சொன்னால் நடக்காது. அதற்குப் பிறகு முன்னால் வரும்போது, இருக்கையை டேஷ்போர்டிலிருந்து முடிந்த அளவு பின்னால் தள்ளி, நிமிர்ந்து உட்காரச் சொல்லிப் பெல்ட்டை மாட்டிவிட்டு, காலை டேஷ்போர்டு மேல் தூக்கி வைக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுங்கள். அதற்கு அடியில்தான் ஏர்பேக் இருக்கிறது.